மகரத்தில் இரண்டு

முன்விளக்கை அணைத்துவிட்டு இறங்கி, செம்பனைத் தோட்டத்து ஓரமாக நின்று வழக்கம்போல் அண்ணாந்து பார்க்கிறார் தம்புசாமி அண்ணன். இரவு எட்டரை. சுங்கை ரம்பாயிலிருந்து குருபோங் தொழிற்சாலைக்கு எங்களை ஏற்றிப் போகும் பஸ்ஸின் டிரைவர் அவர்.

மகர ராசியில் ஒட்டினாற்போல் இரண்டு நட்சத்திரம். இரண்டுக்கும் ஆல்பா என்று ஒரே பெயர். ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் வேறு. “நம்ம கம்பெனி பஸ் மாதிரிலா. ரூட்டு ஒண்ணு, வண்டி ரெண்டு” என்பார். மகரம் மறையும் மாதங்களுக்கு ரிஷபத்தில் வேறொரு ஜோடி வைத்திருக்கிறார்.

வயது ஐம்பத்தொன்பது. இனிப்பு நீர் வியாதி கண்ணில் இறங்கியிருக்கிறது. குடிப்பது பாலும் சீனியும் இல்லாத தே ஓ தேநீர். கிளினிக் கண் பரிசோதனையில் ஒவ்வொரு முறையும் பாஸ். அதை அவரே நம்புவதில்லை.

“அட்டையில உள்ள எழுத்து எனக்கு மனப்பாடம். அங்க ஏமாத்திரலாம். மேல ஏமாத்த முடியாது. ரெண்டா தெரிஞ்சா ஓட்டுவேன், ஒண்ணா தெரிஞ்சா சாவிய வெச்சிருவேன்.”

மேகம் மூடினால் எதிர்க்கடை போர்டைப் படிப்பார். “இதும் மனப்பாடமாயிருச்சு” என்று முனகிக்கொள்வார்.

போன வியாழக்கிழமை வெகுநேரம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பஸ்ஸில் முப்பத்தெட்டுப் பேர். ஜன்னலிலிருந்து திலகா, “என்னாண்ணே, நிலாச்சோறா? பத்துக்குக் கார்டு தட்டணும்லா” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

என்னைக் கூப்பிட்டார். “தம்பி, பாரு. எத்தனை?”

சுத்தமாக இரண்டு தெரிந்தது. ஒன்று என்று சொல்லியிருந்தால் வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஓட்டியிருப்பார். இந்த வயதில் வேறு யார் அவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள்? வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, “ரெண்டு” என்றேன்.

“எனக்கு ஒண்ணுதான்.”

முதலாளிக்குப் போன் அடித்தார். ஸ்பீக்கரில் பதில் கேட்டது: “இன்னிக்கு மட்டும் மெதுவா ஓட்டிட்டு வாங்கலா.”

“மெதுவா போனாலும் கண்ணு இதேதான் பாஸ். வேற ஆள அனுப்புங்க.”

பஸ்ஸுக்குள் முணுமுணுத்தார்கள். “இன்னிக்கு லேட்டு. என்னைத் திட்டுங்க” என்று படியிலேயே நின்றார்.

முக்கால் மணி நேரத்தில் மாற்று டிரைவர் ஹரிதாஸ் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். அவன் கையில் சாவியை வைத்துவிட்டு, அண்ணன் முன்சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெர்லிமாவ் சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஹரிதாஸ் பிரேக்கைத் தொடுமுன், அண்ணனின் வலதுகால் வெறும் தரையை அழுத்தியது.