அப்பா நம்பிய தாள்

எங்கள் அப்பா கீழப்பாவூரில் பிறந்தார்கள். பள்ளிக்கூட வாசலோடு சரி, உள்ளே போனதில்லை. புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் பழம் தரம் பிரிக்கும் வேலை. என் படிப்புக்காகத் தென்காசிக்குக் குடிவந்த பிறகும் தினமும் பஸ்ஸில் போய்வந்தார்கள்.

சொந்தக்காரர்கள் அப்பாவுக்கு வைத்த பெயர் ‘சந்தேகப் பிராணி’. எந்தத் தாள் வந்தாலும் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். பிறகு அவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடமும் கேட்பார்கள். இரண்டும் ஒத்துவந்தால்தான் கைநாட்டு. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் டீக்கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனார்கள். “நெசமாவே பாசாயிருக்கான்வே, பெத்த பிள்ளையையாவது நம்பும்!” என்று அவர் சிரித்தது தெருவுக்கே கேட்டது.

இப்போது நான் ஒரு கல்லூரி நூலகர். தகவலைச் சோதித்துப் பார்க்க மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் என் வேலை. ஒரு செய்தியின் நம்பகம் அதற்குள் மட்டும் இல்லை, கேட்பவர் யாரை மதிக்கிறார் என்பதிலும் இருக்கிறது என்பது எங்கள் துறையின் கோட்பாடு. அதை விளக்க நானே ஒரு பொய்த் தாள் தயாரித்தேன். குற்றால மலை வேர் ஒன்றைக் கஷாயம் வைத்துக் குடித்தால் சர்க்கரை நோய் போய்விடும், மாத்திரையே வேண்டாம் என்று. மேலே கல்லூரியின் பெயர், கீழே நூலகத்தின் பெயர். தப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

“நம்ம காலேஜ் பேரு போட்டிருக்குல்லா சார், அப்புறம் என்ன சந்தேகம்?” என்றாள் ஒரு மாணவி. பாடம் பலித்துவிட்டதென்று எனக்குப் பெருமை. உண்மையைச் சொல்லித் தாள்களைத் திரும்ப வாங்கினேன். அதற்குள் யாரோ படம் எடுத்துவிட்டார்கள்.

அது பல கை மாறி என் தாய்மாமாவின் போனுக்கு வந்தது. மாமா அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினார்.

“யாரு போட்டது?”

“ஒங்க மவன் காலேஜிதான் அத்தான். லைப்ரரின்னு இருக்கு.”

“அப்ப அவன்தான் எழுதியிருப்பான். வேரு எங்கன கிடைக்கும்?”

இன்னொருவரிடம் அப்பா கேட்கவே இல்லை.

அப்பாவின் கால் புண் ஆறாதபோதுதான், மூன்று வாரமாகச் சர்க்கரை மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடப்பதை அம்மா கண்டார்கள். நான் கத்தினேன். “மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாருப்பா?”

“நீதாம்ல சொன்ன.”

மாமா போனைக் காட்டினார்.

“பாடத்துக்காகப் பொய்யா எழுதினதுப்பா இது.”

அப்பா என்னையே பார்த்தார்கள். “படிச்சவன் எதுக்குலே பொய்ய எழுதுத?”

அதன்பின் நான் கொடுத்த மாத்திரையை ஆஸ்பத்திரி நர்சம்மாவிடம் காட்டிக் கேட்ட பிறகே விழுங்கினார்கள். கடைசி நாள்வரை அப்படித்தான்.

சிறுநீரகம் முன்பே கெட்டிருந்தது, அந்த மூன்று வாரத்தால் அல்ல என்றார் மருத்துவர். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து இரங்கிச் சொன்னாரோ என்ற சந்தேகம் இன்றும் இருக்கிறது.

வேர் வாங்கிக் கொடுத்ததற்காக மாமாவைப் பழிப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். ஆஸ்பத்திரியில் இரவு பகலாகக் கிடந்தது அவர்தான். அவருக்கும், நர்சம்மாவுக்கும், ரத்தம் கொடுத்த தெருக்காரர்களுக்கும், அப்பா போன இந்த ஓராண்டாக எங்களைத் தாங்கிய உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்தப் படம் இன்னும் சுற்றுகிறது. போன வாரம் சிவகிரியிலிருந்து ஒருவர் எனக்கே அனுப்பினார். உங்களிடம் இருந்தால் அழித்துவிட்டு மட்டும் இருந்துவிடாதீர்கள். அனுப்பியவரைக் கூப்பிட்டு, அது பொய் என்று சொல்லுங்கள். ஒனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், எழுதியவனே சொன்னான் என்று என் பெயரைச் சொல்லுங்கள்.