காலையில் சாயும் கார்

ஆனந்தமேரியை ஏமாற்ற இனி ஒருத்தர் பிறந்துதான் வரவேண்டும் என்று கள்ளக்குறிச்சியில் அவள் தெருக்காரர்கள் சொல்வார்கள். கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்த்துத்தான் இறக்கச் சொல்வாள். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட அவள் வாங்கிய பழைய சொகுசுக் காரை ஓட்டுகிறவன் அண்ணன் மகன் எட்வின், தியாகதுருகத்துப் பையன். சொந்தக்காரன் என்பதாலேயே அவன்மேல் ஒரு கண் கூடுதலாக வைத்திருந்தாள்.

அந்தக் காரில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. கொஞ்ச நாளாகக் காலையில் பார்த்தால் பின்பக்கம் இடப்புறம் கீழே உட்கார்ந்திருந்தது. எட்வின் திருட்டுத்தனமாக வெள்ளிமலைக்குச் சவாரி அடிக்கிறான், மலைப்பாதையில் கல் இடித்துப் பை கிழிந்திருக்கிறது என்று ஆனந்தமேரி முடிவே கட்டிவிட்டாள். கல்யாண மண்டபத்திலும் பந்திக்குப் போகாமல் காரிலேயே கிடக்கிறானாமே! யாருக்காகக் காத்திருக்கிறான்?

மெக்கானிக் வெங்கடேசன் காரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து, லேப்டாப்பில் உயரத்தைப் பதித்துக் கொடுத்தார். அவருடைய டேப்பை நம்பாமல், தன் தையல் டேப்பால் மறுபடி அளந்த பிறகுதான் ஆனந்தமேரி கிளம்பினாள். மறுநாள் காலை கார் பழையபடி சாய்ந்திருந்தது.

“இன்னிக்கு உன் வண்டவாளம் வெளிய வரட்டும். நாளைலேர்ந்து நீ வேலைக்கு வரவேணாம்” என்று எட்வினையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள்.

“உயரம் கரெக்டாத்தாங்க வெச்சேன். காத்து எங்கியோ கசியுது. டிக்கிக்கு அடியிலதான் ட்யூபு போவுது, பலகைய எடுத்துப் பாத்துருவோம்” என்றார் வெங்கடேசன்.

ஆனந்தமேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருமகள் நான்சி கண்ணில் படக்கூடாது என்று நகைப் பெட்டியை அங்கேதான் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தாள். தடுப்பதற்குள் பலகை வெளியே வந்துவிட்டது. இரும்புப் பெட்டியின் முனை காற்றுக் குழாயைத் தேய்த்து அறுத்திருந்தது.

“இது இன்னாது?” என்றாள், ஒன்றும் தெரியாதவளாக.

“உங்க பொட்டிதான் அத்த. ஸ்டெப்னி மாத்தும்போதே பாத்தேன். அத வுட்டுட்டு எப்டி பந்திக்குப் போறது? அதான் கார்லயே குந்திக்கினு இருந்தேன்.”

“ஏண்டா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா, தொறந்து பாத்தியான்னு கேப்பீங்க.”

அவளுக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. ஆனாலும் கை தானாகப் போய்ப் பெட்டியின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தது.

எட்வின் அதைப் பார்த்தான். கார் சாவியைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, தியாகதுருகம் பஸ்ஸைப் பிடிக்க நடந்தான்.