பிறர் நினைவுகள் இங்கே தட்டச்சு செய்யப்படும்

டைப் அடிக்கிறவளுக்குக் கை இருந்தால் போதும், மனசு வேண்டாம் என்று எங்கள் மாஸ்டர் சொல்வார். அந்தத் தொழிலில்தான் நான் பல வருஷம் இருந்தேன். அங்கே நடந்ததைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. சும்மா அடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. பயம் எதற்கு என்று படித்துக்கொண்டே வந்தால் உங்களுக்கே தெரியும்.

நான் எட்டாவதோடு நின்றவள். எழுபதுகளின் நடுவில் வேலூர் லாங் பஜார் பக்கத்துச் சந்தில், ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் மிஷின் பழகினேன். அங்கேயே வேலைக்கும் சேர்ந்தேன். பக்கத்து மிஷினில் ரோஸ்லின் இங்கிலீஷ் அடிப்பாள். எனக்கு வந்ததெல்லாம் வயசானவர்களின் வாழ்க்கை வரலாறு. பிள்ளைகள் நல்ல நிலைமைக்கு வந்ததும் அப்பாவையும் அம்மாவையும் புத்தகமாகப் போட்டுவிட வேண்டும் என்று அப்போது ஓர் ஆசை கிளம்பியிருந்தது. சிலர் மாடிக்கு வருவார்கள், சிலர் வீட்டுக்கு நான் மிஷினோடு போவேன்; அவர்கள் சொல்லச் சொல்ல அடிப்பேன்.

என் சொந்த வரலாற்றில் முக்கியமானது ஒன்றே ஒன்றுதான். எனக்கு ஐந்து வயதில் அம்மா இறந்துவிட்டாள். போட்டோ கிடையாது. முகம் ஞாபகமில்லை. ஒரு பஸ் பயணம் மட்டும் இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். எனக்கு வாந்தி வருகிறது. வெளியே பார்க்காமல் இருக்க அம்மா தன் உள்ளங்கையால் என் கண்களைப் பொத்துகிறாள். அந்தக் கையில் தீப்பெட்டி மருந்து வாசனை. எனக்கு அம்மா என்றால் அந்தக் கைதான். உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். இருந்தால் அதை வெளியே எடுக்காதீர்கள்.

தலைமையாசிரியரின் மனைவி

காட்பாடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நரம்பு எடுத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஐயா தன் மனைவி இறந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். வெளியே நல்ல மழை, அவள் தலை என் மடியில், தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன், இரண்டாவது வாய் இறங்கவில்லை. அவர் குரல் கம்மியது. நான் மிஷினை நிறுத்திவிட்டு அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு அவரைக்காயைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

முதல் தாரம் யாராவது இருந்திருப்பாரோ என்று நினைத்தேன். ஐயா முகம் கழுவப் போனதும் மெதுவாகக் கேட்டேன். "எனக்கு முன்னாடி யாரும் இல்லம்மா, நான் ஒருத்திதான்" என்றார். இந்தப் பக்கத்தை வைத்துக்கொள்ளட்டுமா, கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். அந்த அம்மா தாளை வாங்கி, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, நிதானமாகப் படித்தார். பிறகு சொன்னார்:

"எல்லாம் சரியா இருக்கு. தண்ணி கேட்டேன்னு போட்டிருக்கே, அது மட்டும் தப்பு. காப்பி கேட்டேன்னு மாத்திடு."

சுண்ணாம்புக் குழி

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றுக்குப் பொன்விழா மலர் போட்டார்கள். முதலாளியின் மகனை எல்லோரும் சின்ன பாய் என்பார்கள். பழைய தொழிலாளிகள் மூன்று பேரை வரவழைத்து, ஆபீஸ் அறையில் ஒவ்வொருவராக என் முன்னால் உட்கார வைத்தார்.

முதலில் வந்தவர் மேஸ்திரி. தோலிலிருந்து முடி கழன்று வருவதற்காக ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் ஒரு வாலிபன் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னார். இவர் குப்புறப் படுத்துக் கையை விட்டாராம். அந்த வாலிபனின் கழுத்துத் தாயத்து கையோடு அறுந்து வந்ததாம். தூக்கிப் போட்டபோது உயிர் இல்லை. அடுத்து வந்தவர் வாட்ச்மேன். நான் எதுவும் கேட்காமலே அதே கதையைச் சொன்னார். அதே குழி, அதே வாலிபன். ஆனால் குப்புறப் படுத்தது இவர், தாயத்து வந்தது இவர் கையில். "மேஸ்திரியா? அவன் அன்னிக்கு லீவும்மா" என்றார். இரண்டு பேருமே அழுதார்கள். இரண்டு பேர் கண்ணீரும் நிஜம்தான்.

மூன்றாவது ஆள் மெலிந்தவர். கழுத்தில் வெறும் கறுப்புக் கயிறு. குழியில் விழுந்தவனைத் தெரியுமா என்று நானே கேட்டேன். "தெரியாம இன்னா, நான்தானே அது" என்றார். அவர்கள் இரண்டு பேரும் அந்த ஆள் செத்துப்போனதாகச் சொன்னார்களே என்றேன். அப்படியானால் உங்களை யார் தூக்கினார்கள் என்றும் கேட்டேன். வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த மற்ற இரண்டு பேர் பக்கம் அவர் தாடையை நீட்டிக் காட்டினார்.

"கையை நீட்டினேன், கையை நீட்டினேன்னு சொல்றாங்க. உள்ள இருந்து பாத்தப்போ ஒரு கையும் வரலியேம்மா."

ஆராய்ச்சி

மலரில் மேஸ்திரி சொன்னது மட்டும் வந்தது. மற்ற இரண்டையும் சின்ன பாய் எடுத்துவிட்டார். 'ஒரு புக்குக்கு ஒரு சாவு போதும், ஜாஸ்தி ஆனா பேஜார்' என்பது அவர் கணக்கு. சில வருஷம் கழித்து, தோல் தொழிலாளர் வரலாறு எழுதுகிறேன் என்று ஒரு காலேஜ் பையன் எங்கள் மாடிக்கு வந்தான். கையில் அந்த மலர். மேஸ்திரி சொன்ன பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தம்பி, இதே கதையை மூன்று பேர் சொன்னார்கள், நான்தான் அடித்தேன் என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். நோட்டில் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. போகும்போது ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனான்:

"அச்சுல இருக்கறது ஆதாரம் மேடம். நீங்க சொல்றது வெறும் ஞாபகம்தானே."

கார்பன்

எங்கள் மாஸ்டர் கார்பன் தாளில் மட்டும் சிக்கனம் பார்ப்பார். ஓட்டை விழும் வரைக்கும் மாற்றக் கூடாது. ஆம்பூர் வேலை முடிந்த புதிதில் ஒரு மத்தியானம், தேய்ந்துபோன என் கார்பனை ரோஸ்லின் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "வசந்தா, இங்க வந்து பாரு" என்றாள். தலைமையாசிரியர், ஆம்பூர் ஆட்கள், ரயில்வேயில் கார்டாக இருந்த ஒருவர், ஒரு பாதிரியார் என்று நான் அந்த மாதம் அடித்த எல்லோரும் ஒருவர் மேல் ஒருவராக வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தார்கள். படிக்கப் பார்த்தேன். ஒருவர் கல்யாணத்தில் ஆரம்பித்த வரி இன்னொருவர் சாவில் போய் முடிந்தது. ரோஸ்லின் கார்பனை என் தலைக்குப் பின்னால் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள்.

"உன் மண்டைக்குள்ளயும் இப்டித்தாண்டி இருக்கும்."

பந்தியில்

அவள் விளையாட்டாகச் சொன்னது எனக்கு விளையாட்டாக இல்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்கு உட்கார்ந்திருந்தோம். பேச்சு தோல் கம்பெனிகள் பக்கம் திரும்பியது. நானும் பேசினேன். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் எப்படி எரியும், ஒரு ஆள் உள்ளே போனபோது மேலே எப்படி நுரை எழும்பியது, தலைமயிர் எப்படி வழுக்கிக்கொண்டு போனது என்று சொன்னேன். நன்றாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். இலையில் கை வைக்காமல் எல்லோரும் கேட்டார்கள். முடித்தபோது என் வலது கை இலைக்கு மேலே நீண்டு, விரல்கள் எதையோ பிடித்தமாதிரி மூடியிருந்தன. பக்கத்தில் என் அண்ணி, அண்ணன் பெண்டாட்டி. என் கையையே பார்த்தாள்.

"நீ டேனரி ஆபீஸ் ரூமைத் தாண்டினதே இல்லன்னு உங்கண்ணன் சொல்வாரே வசந்தா. கையில இன்னா வச்சிருக்க?"

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. காலையில் எழுந்ததும் பஸ், வாந்தி, உள்ளங்கை, மருந்து வாசனை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். இருக்கிறதா, யாருடையதோடும் கலக்காமல் இருக்கிறதா என்று.

நர்ஸம்மா

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற நர்ஸம்மா வந்தார். தங்கமான மனுஷி. எல்லாம் கோர்வையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், தன் அம்மாவிடம் வந்ததும் நின்றுவிட்டார். எதுவுமே நினைவுக்கு வரவில்லை என்று வருத்தப்பட்டார். "நீ உங்கம்மாவைப் பத்தி ஏதாவது சொல்லேன் வசந்தா. கேட்டா எனக்கும் ஞாபகம் கிளம்பும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்து மனசு இளகி, பஸ்ஸைச் சொன்னேன், கையைச் சொன்னேன். அதுவரை வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வாரம் உற்சாகமாக வந்து உட்கார்ந்தார். "அடிச்சிக்கோ" என்றார். ஆரணியிலிருந்து வேலூருக்கு பஸ். குழந்தைக்கு வாந்தி. அம்மா உள்ளங்கையால் கண்ணைப் பொத்துகிறாள். கையில் கார்பாலிக் சோப்பு வாசனை. பாதி அடித்த பிறகுதான் என்ன அடிக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. நர்ஸம்மா, இது நான் சொன்னதாச்சே என்றேன். அவர் கோபப்படவில்லை. காய்ச்சல்காரியைத் தொட்டுப் பார்க்கிறமாதிரி என் நெற்றியில் கை வைத்தார்.

"இல்லடா கண்ணு. போன வாரம் நான் சொன்னேன், நீ அழுதே."

சபைக் கூடத்தில்

அந்தப் பாராவை அப்படியே அடித்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? அவர் சொல்வது அவர் வாழ்க்கை. புத்தகம் அச்சாகி, அவர் போகிற சர்ச்சின் சபைக் கூடத்தில் வெளியீடு நடந்தது. ஒருவர் மேடையில் பஸ் கதையை வாசித்தார். கூடம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். எனக்குப் பக்கத்து நாற்காலியில், நான் முன்பின் பார்த்திராத ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் இருப்பது கார்பாலிக் சோப்புதான். நான் அடித்ததும் அதுதான், மேடையில் வாசித்ததும் அதுதான். அவள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்:

"எங்கம்மாவும் அப்டித்தாங்க பொத்துவாங்க. கையில தீப்பெட்டி மருந்து வாசனை அடிக்கும்."

அண்ணன்

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. குடியாத்தத்தில் லுங்கித் தறி போட்டிருக்கும் அண்ணனிடம் ஓடினேன். அவன் என்னைவிட ஆறு வயது பெரியவன். அந்த பஸ்ஸில் அவனும் இருந்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா கை எனக்கே திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேன். தறிச் சத்தத்தில் கத்திக் கேட்டேன். அவன் தறியை நிறுத்திவிட்டு என்னை வெளியே அழைத்து வந்தான்.

"உனக்கு எங்க வாந்தி வந்திச்சி? ஆஸ்பத்திரிக்குப் போனதே அம்மாவுக்குத்தானே. வாந்தி எடுத்ததும் அம்மாதான்" என்றான். தலை சுற்றுகிறது என்று அம்மா என்னை மடியில் உட்காரவைத்து, என் கையை எடுத்துத் தன் கண்மேல் வைத்துக்கொண்டாளாம். வேலூர் வரும்வரை விடவே இல்லையாம். அப்படியானால் அந்த மருந்து வாசனை என்றேன். "தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைங்க எல்லாம் அந்த பஸ்லதான் வருவாங்க. பஸ்ஸே அப்டித்தான் நாறும்" என்றான்.

அப்படியென்றால் இத்தனை வருஷமாக நான் பத்திரப்படுத்தி வைத்திருந்த கை யாருடையது? என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நிஜமாகத்தான் சொல்கிறாயா, நன்றாக ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். அண்ணன் கண்ணை மூடினான். குரல் கம்மியது. கண்ணோரத்தில் நீர் கட்டியது. தலைமையாசிரியரும் மேஸ்திரியும் வாட்ச்மேனும் நர்ஸம்மாவும் எல்லோரும் சொன்னபோது இருந்த அதே முகம்.

"நேத்து நடந்தமாதிரி இருக்கு வசந்தா. வேணும்னா எழுதிக்கோ."

நான் எழுதிக்கொள்ளவில்லை, மறுவாரமே ரோஸ்லினிடம் கெஞ்சி அவளோடு மிஷினை மாற்றிக்கொண்டு, அர்த்தம் தெரியாத இங்கிலீஷில் எழுத்து எழுத்தாகத் தோல் கம்பெனிக் கடிதங்களை அடிக்க ஆரம்பித்தேன், அவற்றில் எனக்குப் புரிந்தவரை யாருக்கும் அம்மா கிடையாது.