மாவட்டப் பட்டியலில் காரைக்கால் இல்லை

1. முதல் நாள்

"யார் யாரு விரும்பி வந்தீங்க? கையைத் தூக்குங்க பாப்போம்."

சமுதாயக் கல்லூரியில் இதழியல் மற்றும் டிஜிட்டல் ஊடகம் என்ற படிப்பின் முதல் வகுப்பு. கேட்டவர் குணா சார். கௌரவ விரிவுரையாளர். காரைக்காலில் சில டிவி சேனல்களுக்குப் பகுதிநேர நிருபர், அதாவது ஸ்டிரிங்கர். ஒரே மைக்தான் வைத்திருப்பார். பைக்குள் சேனல் லோகோ போட்ட மைக் மூடிகள் கிடக்கும். பேட்டி கொடுப்பவர் மூச்சு விடும் இடைவெளியில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டிவிடுவார்.

வகுப்பில் பாதிப் பேர் கையைத் தூக்கவில்லை. நர்சிங் கிடைக்காதவர்கள், பி.காம் கிடைக்காதவர்கள், பஸ் பாஸுக்காக வந்தவர்கள். நான் தூக்கினேன்.

"எதுக்கும்மா வந்தே?"

"எங்க அப்பா படிக்கச் சொன்னாங்க சார்."

வகுப்பே சிரித்தது. ஆனால் அது நிஜம். எங்களுக்கு விழிதியூர். கொஞ்சம் சொந்த வயல், மீதி குத்தகை. சொந்தக்காரர்கள் எல்லாம் நர்சிங் சேர்த்துவிடு என்று அப்பாவை நச்சரித்தபோது அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நெல்லு வெளஞ்சா வாங்கறதுக்கு ஆளு இருக்கு பாப்பா. நம்ம ஒண்ணு சொன்னா அதக் காதுல வாங்கறதுக்குத்தான் ஒரு பய இல்ல. நீ போயி அதப் படி."

அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அந்தப் படிப்பில் சேர்ந்தேன். இன்று சென்னையில் ஒரு செய்திச் சேனலின் வீடியோ டெஸ்க்கில் ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். வருடாவருடம் யாராவது ஒரு பிள்ளை போன் செய்து, "அக்கா, இதப் படிச்சா வேலை கிடைக்குமா?" என்று கேட்கிறது. கிடைக்கும். வேலை கிடைப்பது பெரிய விஷயமில்லை. அதற்கு முன்னால் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

2. குணா சார் சொல்லிக்கொடுத்த சூட்சுமம்

கல்லூரியில் இருந்த ஒரே வீடியோ கேமரா பீரோவுக்குள் இருந்தது. ஆய்வுக்கு யாராவது வந்தால் மட்டும் வெளியே வந்து, மேசைமேல் உட்கார்ந்துவிட்டுத் திரும்பப் போய்விடும். நாங்கள் படித்ததெல்லாம் செல்போனில்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. செல்போனில் கை நடுங்காமல் விஷுவல் எடுக்கவும், பேட்டி கொடுப்பவரின் முகத்தில் வெளிச்சம் விழும்படி நிறுத்தவும் குணா சார் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். தொழில் தெரிந்த மனிதர். இல்லையென்று சொன்னால் வாய் அழுகிவிடும்.

இரண்டாம் வருடத்தில் ஒருநாள், சேனலுக்குச் செய்தி அனுப்பும் ஆப்பைத் திறந்து காட்டினார். தலைப்பு, விவரம், வீடியோ, கடைசியில் மாவட்டம். மாவட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியும். தமிழ்நாட்டு மாவட்டங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். அடியில் புதுச்சேரி என்று ஒரே ஒரு சொல். காரைக்கால் என்ற பெயரே கிடையாது.

"நம்ம எதப் போடணும் சார்?" என்று கேட்டேன்.

"நாகை. பக்கத்து ஜில்லாதானே."

"நம்ம பாண்டி கவர்மெண்டு ஆச்சே சார்?"

"கேளு மலரு. புதுச்சேரின்னு போட்டா பாண்டி டெஸ்க்குக்குப் போவும். அங்க உக்காந்துருக்கறது ஒரே ஆளு. அவனுக்கு பாண்டி நியூஸப் பாக்கவே நேரமில்ல. நாகைன்னு தட்டுனா தமிழ்நாட்டு டெஸ்க்கு பட்டுனு எடுப்பான். ஏறிடும். வியூஸும் அள்ளும்."

"ஊரு தப்பாயிடுமே சார்?"

"பாக்கறவன் ஊரயா பாக்கறான்? விஷுவலத்தான் பாக்கறான்."

எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் இந்தத் தொழிலில் இருந்த எல்லாரும் இதைத்தான் செய்தார்கள். காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழா என்றாலும் நாகை, எங்கள் பூவம் கிராமத்தில் லாரி கவிழ்ந்தாலும் நாகை. திருவிழா நாகையில் நடந்ததாக யாராவது நினைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அப்படியே பழகிவிட்டார்கள். 'எங்கே' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் செய்தி முழுமையாகாது என்று காலையில் தியரி வகுப்பில் படிப்போம். மதியம் பிராக்டிக்கலில் அதை மாற்றிப் போடப் படிப்போம். இரண்டுக்கும் தனித்தனியே மார்க் போட்டார்கள்.

3. மண் அணை

மூன்றாம் வருடம், ஐப்பசி மழை. எங்கள் வயல்களின் தண்ணீர் வடிகிற வாய்க்காலில் சின்னப் பாலம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை நடக்கும்போது தண்ணீர் வராமல் இருக்க, காண்டிராக்டர் குறுக்கே மண்ணைக் கொட்டி ஓர் அணை போட்டிருந்தார். பாதி வேலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனவர், அணையை எடுக்காமலே போய்விட்டார். மழை பிடித்ததும் வடிய வழியில்லாமல் தண்ணீர் ஏறி வயலில் நின்றது. நட்டு வேர் பிடித்த சம்பா. பச்சை நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

கடைமடைக்காரர்களுக்கு இது புரியும். தண்ணீர் இல்லாமல் காய்கிற பயிரை எப்படியாவது காப்பாற்றலாம். மூழ்கிய பயிர் சில நாட்களுக்குமேல் தாங்காது. அழுகிவிடும்.

ஊர்க்காரர்கள் காரைக்காலில் பொதுப்பணித் துறை அலுவலகத்துக்குப் போனார்கள். "அணைய ஒட்டி பாலத்துக்குக் கம்பி கட்டி நிக்கிது. நீங்களா வெட்டி அது சாஞ்சா கேஸாயிடும். பொக்லைன் வச்சுத்தான் எடுக்கணும். பாண்டிலேர்ந்து ஆர்டர் வரணும்" என்று பதில் வந்தது. பாண்டிக்குக் காலையில் பஸ் ஏறினால் மதியம்தான் போய்ச் சேரலாம். ஆர்டர் எந்த பஸ்ஸில் வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று அப்பா வரப்பிலிருந்து வந்து, காலைக்கூடக் கழுவாமல் என்னிடம் சொன்னார்: "பாப்பா, நீ படிச்ச படிப்புக்கு இப்பத்தான் வேல வந்துருக்கு."

பயமா பெருமையா தெரியவில்லை. வாய்க்காலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்தேன். அணை, பாதிப் பாலம், மூழ்கிய பயிர் எல்லாம் ஒரே ஷாட்டில் வந்தன. பிறகு அப்பாவின் பைட், அதாவது கேமராவைப் பார்த்துப் பேசுகிற சின்னப் பேட்டி. துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். முதலில் பெயரும் ஊரும் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல அப்படியே சொன்னார்.

"என் பேரு கலியபெருமாள். புதுச்சேரி மாநிலம், காரைக்கால், விழிதியூர்ல விவசாயம் பாக்கறேன். தண்ணி வடியலன்னா எல்லாம் போச்சுங்க. இந்த மண்ண மட்டும் எடுத்துவுடச் சொல்லுங்க."

ஆப்புக்கு லாகின் குணா சாரிடம்தான் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானே எழுதினேன். மாவட்டத்தில் புதுச்சேரி என்று நானே தட்டினேன்.

"யாரும் எடுக்க மாட்டான் மலரு."

"பாண்டியில இருக்கறவங்க பாக்கணும் சார். ஆர்டர் அங்கேர்ந்துதான் வரணும். தயவுசெஞ்சு மாத்தாதீங்க."

"சரிம்மா. மாத்தல, போ."

மாற்றினார். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் வீடியோ வந்துவிட்டது. 'நாகையில் நீரில் மூழ்கிய சம்பா: கதறும் விவசாயிகள்.' பின்னணியில் சோக வயலின். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. அப்பாவின் பேச்சு "தண்ணி வடியலன்னா எல்லாம் போச்சுங்க" என்பதில் ஆரம்பித்தது. பெயரும் ஊரும் இல்லை. மண் அணையும் இல்லை. நீளம் குறைக்கும்போது டெஸ்க்கில் வெட்டிவிட்டார்கள்.

குணா சார் போன் செய்தார். "பாத்தியா? பிச்சிக்கிட்டுப் போவுது!"

4. வந்தவர்கள்

நிஜமாகவே பிய்த்துக்கொண்டுதான் போனது. மறுநாளே ஆட்கள் வந்தார்கள். ஆனால் நாகையிலிருந்து வந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீடியோவைப் பார்த்து, குணா சாரிடம் வழியும் அணை விவரமும் கேட்டு, மழையோடு மழையாகக் கிளம்பியிருக்கிறார்கள். எல்லையோரத்தில் இரண்டு பக்கத்து ஊர்களும் கலந்து கிடக்கும்; இது நாகை ஊர்தான் என்று நினைத்திருக்கிறார்கள். ஜீப்பைப் பார்த்ததும் ஊரே அணைப் பக்கம் கூடிவிட்டது. அப்பா முன்னால் நின்று கும்பிட்டார். ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி அணையைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், பாலத்துப் பக்கம் நட்டிருந்த புதுச்சேரி அரசுத் துறைப் பலகையைப் பார்த்தார்.

"ஏங்க, இது பாண்டி லிமிட்டாங்க?"

"ஆமாங்க."

"நியூஸ்ல நாகைன்னுல்ல போட்டுருந்தான்? நாங்க இதுல கை வைக்க முடியாதுங்களே." அவருக்கே சங்கடமாக இருந்தது. பொக்லைன் ஏற்றிய லாரி பின்னால் வந்துகொண்டிருந்ததாம். போன் போட்டார். அது வாஞ்சூர் எல்லையிலேயே திரும்பிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையைக் கேட்டிருக்கிறேன். அன்று என் கண்ணால் பார்த்தேன்.

நான் செல்போனை எடுத்துக்கொண்டு, ஊர்க்காரர்கள் முன்பு போன அதே காரைக்கால் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் வீடியோவை முழுக்கப் பார்த்தார்.

"நாகைன்னுல்லம்மா இருக்கு. இத எப்படி நான் பாண்டிக்கு அனுப்பறது? நம்ம ஏரியாவே இல்லேன்னு சொல்லிடுவாங்க."

"நான்தான் சார் எடுத்தேன். இது எங்க அப்பா. வெட்டாத வீடியோ எங்கிட்ட இருக்கு, அதுல ஊரு பேரு சொல்றாரு பாருங்க."

"நீ சொல்றது சரிம்மா. நியூஸ்ல அப்படி இல்லியே."

குணா சாரிடம் போய் ஊர்ப் பெயரை மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். "ஓடிக்கிட்டிருக்கற வீடியோவுல கை வைக்கக் கூடாதும்மா. தலைப்ப மாத்துனா ரீச்சு விழுந்துடும்" என்றார். அவரிடமே போன் நம்பரை வாங்கிச் சென்னை டெஸ்க்குக்கு நானே போன் செய்தேன். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

"லொகேஷன்தானே சிஸ்டர்? பார்ட் டூ போடுறப்ப கரெக்ட் பண்ணிடலாம். அழுகின பயிர் விஷுவல்ஸ் இருந்தா அனுப்புங்களேன்."

"இன்னும் அழுகல சார்."

"ஓ. அப்ப வெயிட் பண்ணலாம் சிஸ்டர்."

அந்தக் குரலை நான் மறக்கவே இல்லை. போனை வைத்துவிட்டுக் கல்லூரி வாசலில் உட்கார்ந்து அழுதேன். ஆத்திரத்தில் அழுதேன்.

ஆர்டர் வரவில்லை. கடைசியில் கேஸ் வந்தால் வரட்டும் என்று ஊரே மண்வெட்டியோடு இறங்கி அணையை வெட்டியது. கம்பி சாயவில்லை. கேஸும் வரவில்லை. தண்ணீர் வடிந்தது. அதற்குள் பயிர் கறுத்து, தொட்டால் கையோடு வந்தது. நாற்றம் வீடு வரை அடித்தது.

பார்ட் டூவும் வரவில்லை. அதற்குள் வேறு ஊரில் வேறு மழை.

5. கேடயம்

கல்லூரி ஆண்டு விழாவில் எனக்குச் சிறந்த மாணவர் செய்திக்கான கேடயம் கொடுத்தார்கள். வாசலில் பேனர். அதில் என் படமும், கீழே எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும். குணா சார் மேடையில், "இந்தப் புள்ளைக்கு எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான்" என்று பேசினார். அது உண்மைதான்.

நான் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அப்பாதான், "பரிசு குடுக்கறப்ப போவாம இருக்கக் கூடாது" என்று கூடவே வந்தார். பெரிய திரையில் அந்த வீடியோவைப் போட்டார்கள். கூட்டம் கை தட்டியது. அவர் அதை முழுசாகப் பார்த்தது அன்றுதான். கை தட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார். "மொதல்ல நான் ஊரு பேரு சொன்னேனே பாப்பா. அதக் காணுமே?"

"வெட்டிட்டாங்கப்பா."

"நீயா?"

"இல்லப்பா. சென்னையில."

"ஏனாம்?"

"நேரம் பத்தலயாம்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் வேணா சுருக்கமா சொல்லியிருக்கலாம்" என்றார்.

எல்லாரையும் என்னால் மன்னிக்க முடிந்தது. தப்பு தன்னுடையதுதான் என்று என் அப்பாவை நினைக்க வைத்தார்களே, அதை மட்டும் இன்று வரை மன்னிக்க முடியவில்லை.

இப்போது நானே வெட்டுகிற இடத்தில் இருக்கிறேன். என் ஷிப்டில் ஊர்ப் பெயரை வெட்டினால் கத்துவேன். டெஸ்க்கில் வேலை பார்க்கிற பிள்ளைகள் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். மற்ற ஷிப்டுகளில் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் ஆப்பிலும் இன்னும் காரைக்கால் இல்லை. சேர்க்கச் சொல்லி எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். அந்த ஊரிலிருந்து அவ்வளவு வியூஸ் வருவதில்லையாம். எப்படி வரும், எல்லாவற்றையும் நாகைக் கணக்கில் அல்லவா போட்டுக்கொண்டிருக்கிறோம்?

அதனால் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பைட் எடுக்கும்போது பெயரையும் ஊரையும் முதலில் சொல்ல வைக்காதீர்கள். முதலில் இருந்தால் கத்திரி அங்கேதான் விழும். நடுவில் சொல்ல வையுங்கள். "இந்த விழிதியூர் வாய்க்கால்ல கெடக்கற மண்ண எடுத்துவுடச் சொல்லுங்க" என்று அழுகையோடு சேர்த்து, வேண்டுதலோடு சேர்த்து, வெட்டினால் வாக்கியமே செத்துப்போகிற இடத்தில் வையுங்கள். அழுகை வேண்டும் என்றால் ஊரையும் சேர்த்துத்தான் அவர்கள் எடுத்தாக வேண்டும்.

இது எந்த சிலபஸிலும் இல்லை. இந்த ஒரு பாடத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு போகம் சம்பாவைக் கொடுத்தோம். உங்களுக்கு இலவசமாகச் சொல்கிறேன்.