தீபாவளி இல்லாத வருடத்தில் பெக்கோக் அருவிக்கு

துக்க வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது. முறுக்கு சுடக்கூடாது, புதுத்துணி கூடாது, விளக்கு அலங்காரம் கூடாது. என் மனைவி செல்வி மாசியில் போய்விட்டதால் சென்ற தீபாவளி எங்களுக்கு அப்படி. கூடாததை எல்லாரும் சொன்னார்கள். அந்த நாளை எப்படிக் கழிப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. “ஒடம்பப் பாத்துக்குங்க” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஸ்கூடாயில் எங்கள் தெருவே மினுக்கிக்கொண்டிருக்க, நடுவில் இருட்டாக உட்கார எனக்குத் தெம்பில்லை. காரை எடுத்தேன்.

கூட வந்தது மாமியார், நான் ‘அத்தை’ என்று கூப்பிடுபவர். செல்விக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். ஆனால் நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது கொஞ்சம். “ஒங்க மாப்பிள்ளைக்கு ரசம் வேணுமாம்”, “அம்மா சாவியக் கேக்கறாங்க” என்று எல்லாம் செல்வி வழியாகத்தான் நடக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் அவர் பெட்டி கட்ட ஆரம்பித்தார். பத்து பாகாட் என்ற ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறாராம்.

“மக இல்லாத வீட்டுல நான் என்னன்னு இருக்கறது, மாப்பிள்ளை?”

இவரும் போய்விட்டால் செல்வியைப் பற்றிப் பேச அந்த வீட்டில் ஆளே இல்லை. அந்தப் பயத்தோடுதான் ஓட்டினேன்.

காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். நெடுஞ்சாலையில் யோங் பெங் வரை, பிறகு சாஆ வழியாக பெக்கோக். ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். யோங் பெங்கில் ஒரு மலாய்க் கடையில் தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாவும் நுரைக்க ஆற்றிய தே தாரே டீயும் இருவருக்கும் பதினோரு வெள்ளி, அதாவது ரிங்கிட். சம்பல் நல்ல காரம். கடைக்காரப் பெண், “செலாமாட் தீபாவளி, மாக்சிக்!” என்று அத்தையை வாழ்த்தினாள். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அத்தை சிரித்துக்கொண்டே, “செலாமாட், செலாமாட்” என்றார்.

காரில் ஏறியதும் அவராகவே சொன்னார்: “அந்தப் புள்ள அவ்வளவு ஆசையா சொல்லுது. மூஞ்சியில அடிச்ச மாதிரி, எங்களுக்குத் தீபாவளி இல்லைன்னா சொல்ல முடியும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதம் கழித்து!

சாஆ தாண்டினால் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம்தான். எங்கள் தலைதீபாவளிக்கு மறுநாள் இதே வழியாகச் செல்வி எங்களை அருவிக்கு இழுத்துவந்தாள். புதுச் செருப்பில் ஒன்றைத் தண்ணீர் கொண்டுபோக, கார் வரை ஒற்றைச் செருப்போடு கெத்தாக நடந்தாள். நான் அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே அத்தை கேட்டார்: “அந்தச் செருப்பு ஞாபகமிருக்கா, மாப்பிள்ளை?”

பெக்கோக் ஊரிலிருந்து அருவிக்குக் குறுகலான சாலை, பத்து கிலோமீட்டருக்கு மேல். ஒரு சீனக் குடும்பத்தைத் தவிர யாரும் இல்லை. தண்ணீர் ஐஸ். நான் கால் நனைத்துக்கொண்டு நிற்க, அத்தை பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். நல்லெண்ணெய்.

“தீபாவளி இல்லதான். இது ஒடம்பு சூட்டுக்கு. குனிங்க.”

ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் எட்ட நின்று என் உச்சியில் மூன்று சொட்டு வைப்பார். மாமியார் மரியாதை. தேய்த்துவிடுவது செல்வியின் வேலை. அன்றும் மூன்று சொட்டு வைத்துவிட்டுக் கையை எடுத்தார். பிறகு அவரே இரண்டு கையாலும் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தார். நான் அழுதேன். அவரும் அழுதார். தேய்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆண்டுக் கடைசியில் மதியத்துக்கு மேல் மழை வரும். மலைப்பக்கம் கறுத்தால் உடனே கரையேறிவிடுங்கள். பாறையில் பாசி அதிகம். மாற்றுத்துணியும் சாப்பாடும் கையோடு வேண்டும். பெட்ரோல், டோல் எல்லாம் சேர்த்து எனக்கு நூறு வெள்ளிக்குள் முடிந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு வருடம் வந்தால், போன ஆளை உங்களைப்போலவே தேடுகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போகாதீர்கள்.

திரும்பும்போது யோங் பெங் வரை அத்தை கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

“பச்ச எண்ணெ சரிப்படல. அடுத்த வருசம் மெளகு போட்டுக் காய்ச்சிக் கொண்டாரேன்.”

நான் காரை மெதுவாக்கினேன். “அப்ப பத்து பாகாட், அத்தை?”

“அங்க என்ன, அருவியா இருக்கு?”