மேலிருந்து தெரியும் வெளிச்சம்

தண்ணீருக்கடியில் மீன் அடிக்க நல்ல லைட் எது என்று கேட்டால், கடைக்காரர் சுவரில் அடித்துக் காட்டுவார். சுவர் எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு நல்ல லைட். "மீன் சுவத்துலயா இருக்கு?" என்று என் அண்ணன் ஒருமுறை கேட்டுவிட்டான். அன்றிலிருந்து அவன் படியேறினாலே கடைக்காரருக்கு முகம் கடுகடுத்துவிடும்.

அண்ணன் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டர். வாரத்தில் ஆறு நாள் நெருப்பு, ஏழாம் நாள் கடல். துறைமுகத்து அலைத்தடுப்புப் பாறைகளுக்கு நடுவே மூச்சை அடக்கி இறங்குவான். பொந்துக்குள் பதுங்கியிருக்கும் களவா மீனை ஈட்டித் துப்பாக்கியால் அடிப்பான். முதுகில் சிலிண்டர் எதுவும் கிடையாது, நெஞ்சில் இருக்கிற மூச்சுதான். பீடியைக் கையால் தொடாத மனிதனுக்குப் பட்டறையில் 'தம்மு' என்று பெயர்.

நான் இரண்டு வயது இளையவன். அதே பட்டறையில் கிரைண்டர் பிடிக்கிறேன். அவன் இறங்கினால் நான் மேலே டயர் டியூபைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதக்க வேண்டும். கலங்கல் கடலில் கீழே இருக்கிற ஆள் தெரியமாட்டான். லைட்டின் வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரியும். குறிவைத்துக் கிடக்கும்போதும் மணிக்கட்டை லேசாக ஆட்டிக்கொண்டே இருப்பான். வெளிச்சம் ஆடினால் அண்ணன் நன்றாக இருக்கிறான். பத்து எண்ணும்வரை ஆடவில்லை என்றால் நான் இறங்கியாக வேண்டும். எங்களுக்கு இருந்த ஒரே சட்டம் அது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடுகிற ஆள் அவன். லைட் வாங்க வேண்டும் என்றதும் கடைக்காரரைக் கெஞ்சி நான்கு லைட்டை ஒரு நாளைக்கு வாங்கி வந்தான். மொட்டைமாடியில் டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து, அதில் களிமண்ணைக் கரைத்தான். ஒவ்வொரு லைட்டையும் தலைகீழாக உள்ளே இறக்கிவிட்டு, ஸ்டூல் மேல் ஏறி நின்று பார்த்தான். தலையைத் திருகி எரியவைக்கும் இரண்டை முதலிலேயே ஒதுக்கிவிட்டான். அவசரத்தில் எதிர்ப்பக்கம் திருகினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நெகிழ்ந்து தண்ணீர் ஏறிவிடுமாம். மூன்றாவது, ஊசி போல் ஒடுங்கிய ஒளி. பொந்துக்குள் ஆழமாகப் போகும், ஆனால் மேலிருந்து பார்த்தால் டிரம் இருட்டாகவே இருந்தது. நான்காவது அகல ஒளி. டிரம் முழுக்க மஞ்சளாகத் ததும்பியது.

"இதான்," என்றான். "மீன் எனக்குத் தெரிஞ்சா மட்டும் போதாதுடா. நான் உனக்குத் தெரியணும்."

ஆனால் அகல ஒளிக்கு ஒரு கேடு உண்டு. கலங்கலில் பட்டால் பால் கரைத்த மாதிரி கண்ணை மறைக்கும். பாதி மீன் தப்பிவிடும். பக்கத்துப் பாறையில் இறங்குகிறவர்கள் ஒடுங்கிய லைட் வைத்துக்கொண்டு தொடை தண்டி மீனாகத் தூக்கி வந்தார்கள். மீன் வாங்கும் ஹோட்டல் சமையல்காரர் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டார். "உங்க அண்ணன் மீன் பிடிக்கப் போறாரா, இல்ல மீனுக்கு வழி காட்டப் போறாரா?"

அண்ணனும் சேர்ந்து சிரித்தான். எனக்குத்தான் சுருக்கென்றது. சூடு சொரணை எல்லாம் எனக்கு வேண்டாத இடத்தில்தான் வரும்.

"அந்த ஊசி லைட்டையே வாங்கிடலாம்ணே."

"வேணாம்டா."

"நான் மேல இருக்கேன்ல? தூங்கவா போறேன்? என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உன்ன நம்பாமலா எறங்குறேன்? வெளிச்சம் இருந்தா உனக்கும் குழப்பம் இல்ல."

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அவன் நகரவில்லை. அதனால் பொய் சொன்னேன். பழைய லைட்டில் ரப்பர் வளையம் கிழிந்து தண்ணீர் ஏறிவிட்டது, கடையில் கொடுத்து மாற்றிவிட்டேன் என்று சொல்லி ஊசி லைட்டைக் கையில் திணித்தேன். ரப்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் லைட்டைப் புரட்டிப் பார்த்தான். "சரி, கவனமா எண்ணு," என்று மட்டும் சொன்னான்.

முதல் இரண்டு வாரம் மீன் குவிந்தது. சமையல்காரர் கேலியை நிறுத்திவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் வாரம், வெயில் தாழும் நேரம். அண்ணன் இறங்கினான். ஊசி லைட் வந்ததிலிருந்து கீழே எப்போதும் போல் இருட்டு. ஆடும் வெளிச்சம் தெரியாததால், அவன் இறங்கியதிலிருந்தே எண்ணினேன். வழக்கமாக மேலே வரும் எண்ணிக்கை தாண்டியது. பெரிய மீனாக இருக்கும், காத்துக் கிடக்கிறான் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் எண்ணினேன். நான் இறங்கியபோது, அவன் இரண்டு முறை போய் வரும் நேரம் கடந்திருந்தது. மூச்சு தீர்ந்து மயங்கி, பொந்து வாயில் கவிழ்ந்து கிடந்தான். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் வெளிச்சம் முழுக்கப் பொந்துக்குள்ளேயே விழுந்திருந்தது.

உயிர் மிஞ்சியது. வலது கை விளங்கவில்லை. பேச்சு இழுத்து இழுத்து வருகிறது. விபத்துக்கு முந்தைய ஒரு மாதம் அவன் நினைவில் இல்லவே இல்லை. அண்ணி ஏழு மாதமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் போனால் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

போன வாரம் அவனுக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"டிரம்ல போட்டுப் பாத்து வாங்குன மனுஷன்," என்றாள், துணியைப் பார்த்தபடியே. "எப்படி அந்த லைட்டோட எறங்குனாரு?"

அண்ணன் என்னைப் பார்த்தான். "அத... யாருடா... எடுத்தது?"

கையில் கத்தி இருந்தது. அவன் தாடையில் பாதி நுரை இருந்தது.

"நீதாண்ணே," என்றேன். "நான் வேணாம்னுதான் சொன்னேன்."

 அவன் இடது கையால் என் முழங்கையைத் தட்டினான். "என்... பேராசை. நீ... மனசுல... வச்சுக்காத."

அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் தட்டு இருந்தது.

"தெரியாம உங்களப் போயி கோச்சுக்கிட்டேன்," என்றாள். "சாப்பிட்டுட்டுப் போங்க."

உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாம் முறை சோறு போட்டபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை.