அறைக்குள் ஒரு வேப்பங்கன்று

வளைகுடா நாட்டில், முசஃபா என்ற தொழிற்பேட்டையில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். ஆபீஸ்களில் மூச்சுக்காற்று கெட்டுக் கிடக்கிறதா என்று பார்க்க, கார்பன் டை ஆக்சைடை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றைக் கம்பெனி கொடுத்திருந்தது. அல் ஐன் பக்கம் ஒரு பண்ணைக்குக் குளிரூட்டியைப் பார்க்கப் போனபோதும் அது சட்டைப்பையில் இருந்தது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக வெள்ளரிக் கொடிகள். கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் மீட்டர் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. ஏதோ லீக் என்று வெளியே ஓடப் பார்த்தேன்.

பண்ணையைக் கவனிக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் சிரித்தார்.

"பயப்பிடாதேங்கோ அண்ணா. நாங்கள்தான் விடுறம். உது செடிக்குச் சாப்பாடு."

கொடிகளுக்கு அடியில் ஓடிய குழாயைக் காட்டினார். சிலிண்டரிலிருந்து வரும் வாயுவைத்தான் இலை வெளிச்சத்தோடு சேர்த்து உடம்பாக்கிக் கொள்கிறதாம். ஆபீஸில் எந்த வாயு கூடினால் ஜன்னலைத் திற என்பேனோ, அதை இங்கே காசு கொடுத்து வாங்கிச் செடிக்கு விடுகிறார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ரூமுக்கு வந்ததும் மீட்டரை ஆன் செய்தேன். அடைத்த ஜன்னல், ஓடும் ஏசி, கட்டில்களில் படுத்திருக்கும் ஆட்கள். நாங்கள் விடும் மூச்சுக்கே அது கத்தியது. அடுத்த வெள்ளிக்கிழமை நர்சரிக்குப் போய், ஒரே உயரத்தில் இரண்டு வேப்பங்கன்று வாங்கி வந்தேன். ஒன்றை ரூமில் ஜன்னலோரம் வைத்தேன். இன்னொன்றை வெளியே, துணி துவைக்கும் இடத்துப் பக்கம்.

வெல்டிங் வேலை பார்க்கும் ராமநாதபுரத்துக்காரர் என் கீழ்க்கட்டில்.

"என்ன மாப்ள, ரூமுக்குள்ள மரம் வளக்கப் போறியா?"

"நாம விடுற மூச்சக் குடிச்சு வளருதான்னு பாப்போம்."

"அப்ப நான் நல்லா இழுத்து விடுறேன்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. டியூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் கன்றின் பக்கம் குனிந்து பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் போவார்.

ரூம் கன்று கிடுகிடுவென்று உயர்ந்தது. வெளியே இருந்தது அதன் பாதிகூட இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி சர்வீசுக்குப் பண்ணைக்குப் போனபோது போனில் எடுத்த படத்தை அந்தப் பெண்ணிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"தண்டைப் பாருங்கோ, நூல் மாதிரி. இலையும் வெளிறிப்போச்சு. இது வளர்ச்சியில்லை அண்ணா, வெளிச்சம் தேடி நீளுது."

என் முகம் வாடிவிட்டது. ஆனால் கேள்வி விடவில்லை.

"உலகம் பூரா இந்த வாயு கூடிக்கிட்டே போகுதுங்கிறாங்களே மேடம். அப்ப வெளியில நிக்கிற மரமெல்லாம் நல்லா வளரணும்ல?"

"கொஞ்சம் வளரும்தான். இலையில சின்னச் சின்ன வாய் இருக்கு. வாயுவை எடுக்க அதைத் திறந்தா, உள்ள இருக்கிற தண்ணி வெளியில போயிடும். வாயு கூடுதலா இருந்தா நிறையத் திறக்கத் தேவையில்லை. தண்ணி மிச்சம். ஆனா, என்ர வெள்ளரிக்கு உரம், தண்ணி, குளிர் எல்லாம் நான் குடுக்கிறன். வெளியில நிக்கிற மரத்துக்கு ஆர் குடுப்பினம்? வெக்கையைக் கூட்டுறதும் இதே வாயுதான்."

"வேம்புக்கு எப்படி?"

"அது எனக்குத் தெரியாது அண்ணா. எனக்குத் தெரிஞ்சது வெள்ளரி. ரெண்டு மூண்டு மாசத்தில முடிஞ்சிடும். மரம் எத்தினையோ வருசம் நிக்கும்."

தெரியாது என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

ரூமுக்கு வந்து, வெளியே நின்ற குட்டைக் கன்றைப் போய்த் தொட்டுப் பார்த்தேன். தண்டு விரல் கனத்துக்கு இறுகியிருந்தது. ராமநாதபுரத்துக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப நான் விட்ட மூச்செல்லாம்?"

"வெளிச்சம் இல்லாம அது என்னண்ணே பண்ணும்?"

உள்ளே இருந்ததை அவரே தூக்கிக்கொண்டு போய், எடுத்ததும் நேர் வெயில் தாங்காதென்று தண்ணீர் டேங்கின் நிழலில் வைத்து, நீளமான தண்டுக்கு ஒரு வெல்டிங் கம்பியை முட்டுக் கொடுத்துக் கட்டினார். முதல் வாரத்திலேயே இலையெல்லாம் பழுத்து உதிர்ந்தது. செத்துவிட்டது என்று நான் விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. ஒருநாள் நான் சைட்டில் ஏணிமேல் நிற்கும்போது போனில் படம் அனுப்பினார். தண்டின் பாதியில், செம்பு நிறத்தில் துளிர். கீழே எழுதியிருந்தார்: "இப்ப எதக் குடிச்சு வளருது, அந்தப் பண்ணை மேடத்துக்கிட்ட கேட்டுச் சொல்லு."